புது டயர் போட்டால் அலைன்மென்ட் கட்டாயமா?

கேள்வி: என்னுடையது முன்சக்கர டிரைவ் உள்ள சின்ன கார். 48,000 கி.மீ. ஓடிவிட்டது. நான்கு டயரையும் மாற்றப் போகிறேன். டயர் கடையில், "வீல் அலைன்மென்ட்டும் சேர்த்துச் செய்தே ஆகணும், இல்லாவிட்டால் டயருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். என் மைத்துனரோ, "வண்டி நேராகத்தானே போகுது, பேலன்சிங் மட்டும் போதும், மற்றதெல்லாம் பில்லை ஏற்றுகிற வேலை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? செய்வதாக இருந்தால் டயர் மாற்றுவதற்கு முன்பா, பிறகா? பின்சக்கரங்களுக்கும் தேவையா?

பதில்: அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது. கடைக்காரர் கேட்பது நியாயமான வேலைதான். ஆனால் 'செய்தே ஆகணும்' என்று எடுத்த எடுப்பில் சொல்வது சரியில்லை. முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளவு தப்பியிருந்தால் மட்டும் திருத்த வேண்டும். உங்கள் மைத்துனரின் சந்தேகமும் வீண் சந்தேகம் இல்லை, அலைன்மென்ட் என்ற பெயரில் கண்துடைப்பு வேலை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் காட்டுகிற ஆதாரம், அதாவது வண்டி நேராகப் போகிறது என்பது, இந்த விஷயத்தில் செல்லாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புது டயர் மாட்டுவதால் அலைன்மென்ட் மாறுவதில்லை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவை லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழேயிருந்து பிடிக்கும் கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), இவற்றைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், பால் ஜாயின்ட்கள் (உருண்டை மூட்டுகள்). சக்கர நட்டுகளைக் கழற்றி டயரை மாற்றி மறுபடி மாட்டுவதில் இவை எதுவும் அசைவதில்லை. புதுச் செருப்பு வாங்கினால் நம் நடை மாறிவிடுமா? நடை கோணலாக இருந்தால் புதுச் செருப்பும் பழையது தேய்ந்த அதே பக்கத்தில்தான் தேயும். டயரும் அப்படித்தான்.

ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்: உங்கள் காரின் நடை இப்போது எப்படி இருக்கிறது? இதற்குப் பாதிப் பதில் உங்கள் பழைய டயர்களிலேயே இருக்கிறது, அதுவும் இலவசமாக. பெரும்பாலும் என்ன நடக்கிறதென்றால், வண்டியை விட்டுவிட்டு நாம் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் பழைய டயரைக் கழற்றி மூலையில் குவித்துவிடுகிறார்கள். எந்த டயர் எந்தச் சக்கரத்தில் இருந்தது என்பது அதோடு தெரியாமல் போய்விடுகிறது. தயவுசெய்து இந்த ஒரு வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸால் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதிவிடுங்கள். வெளிப்பக்கம் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு நான்கையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள்.

டயரின் குறுக்காக உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றிலும் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கவலை குறைவு. நடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக அடித்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு. இந்த இரண்டுக்கும் அலைன்மென்ட் மருந்தாகாது, மாதாமாதம் காற்றைச் சரிபார்த்தால் போதும். வட்டம் முழுக்க இல்லாமல் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், அல்லது பேலன்சிங் இல்லாமல் நெடுநாள் ஓடியிருக்கலாம். இதையும் அலைன்மென்ட் மெஷின் தீர்த்து வைக்காது.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்தான் நம் விஷயத்துக்கு வருகிறோம். அதிலும் உள்ளோரம்தான் ஆபத்து, ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. வண்டி அருகே நின்று பார்த்தால் வெளியோரம் நன்றாக, நிறைய பள்ளத்தோடு தெரியும். அதே டயரின் உள்ளோரத்தில், ரப்பருக்கு அடியில் இருக்கும் இரும்புக் கம்பி வெளியே வந்திருக்கும். டயரைக் கழற்றும்வரை சொந்தக்காரருக்கு அது தெரியாமலே இருக்கும். டயர் மாற்றும் நேரம் வராவிட்டாலும், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கிப் போய் முன் டயரின் உள்ளோரத்தை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக வைத்து, உள்ளேயிருந்து வெளியே ஒரு முறை, வெளியேயிருந்து உள்ளே ஒரு முறை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், எதிர்த் திசையில் ரம்பம் போலப் பிடித்தால் அந்தச் சக்கரம் உருளும்போதே பக்கவாட்டிலும் உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெரும்பாலும் 'டோ' என்கிற கோணம்தான் காரணம். (கம்பி தெரிகிற டயரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், கையைக் கிழித்துவிடும்.)

அலைன்மென்ட் என்றால் முக்கியமாக மூன்று கோணங்கள். மேலேயிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். காஸ்டர் டயரைத் தின்பதில்லை. ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதும் வண்டி நேராக நிலைத்து ஓடுவதும் அதைப் பொறுத்தவை. கேம்பர் அதிகமாகத் தப்பினால் ஓரம் தேயும். ஆனால் டயரைக் காலி செய்வதில் முதலிடம் டோவுக்குத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரம் நேராக இருக்க வேண்டிய இடத்திலிருந்து கால் டிகிரி மட்டும் திரும்பி நிற்கிறது என்று வையுங்கள். 16 அங்குல ரிம்மில் அளந்தால், முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 2 மி.மீ.கூட வித்தியாசம் இருக்காது. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அந்தச் சக்கரம் 1 கி.மீ. உருளும்போது சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 44 கி.மீ. தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்காக இழுத்துக்கொண்டு போன மாதிரி. ரப்பர் கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் அத்தனையும் நேரடி உரசலாக மாறாது, ஆனாலும் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளக் கட்டிகளின் உயரம் 1.6 மி.மீ. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பயன்படுத்தக்கூடிய ரப்பர் 6 மி.மீ. சொச்சம்தான். அதை நான்கு சக்கரமும் சமமாகச் செலவழிக்கிறதா, ஒரு சக்கரத்தின் ஒரு ஓரம் மட்டும் விழுங்குகிறதா என்பதுதான் பிரச்சினையே. பாதி ஆயுளைக் கடந்த டயரில் டோ தப்பியிருந்தால் நஷ்டமும் பாதிதான். புது டயரில் முழுசாக நஷ்டம். டயர் மாற்றும்போது அளந்துவிடுங்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

இனி மைத்துனரின் வாதம். முன்சக்கரங்கள் இரண்டும் ஸ்டீயரிங்கோடு ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. இரண்டும் சம அளவில் உள்ளே பார்த்தாலோ வெளியே பார்த்தாலோ, இடது சக்கரம் ஒரு பக்கம் தள்ள, வலது சக்கரம் எதிர்ப்பக்கம் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வண்டி அம்பு மாதிரி நேராகப் போகும். ஸ்டீயரிங்கும் நேராக நிற்கும். இடது, வலது டயர்கள் இரண்டும் மட்டும் ஒரு ஓரத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு பக்க டை ராட் மட்டும் தப்பியிருந்தாலும் வண்டி நேராகவே போகலாம், அப்போது ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும், அவ்வளவுதான். ஆக, ஸ்டீயரிங் கோணல் என்பது நல்ல தடயம். வண்டி இழுக்காமல் இருப்பது எதற்கும் சாட்சி இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றாலே அலைன்மென்ட்தான் என்று ஓடி வருகிறார்கள். ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கும். காற்று ஒரு பக்கம் குறைந்திருந்தால் இழுக்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரத்தைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் எந்த வண்டியும் மெல்ல ஓரத்துக்கு நகரத்தான் செய்யும். டயரே காரணமாக இருக்கலாம் என்பதும் உண்டு. பெல்ட் (ரப்பருக்கு அடியில் சுற்றியிருக்கும் கம்பிப் பட்டை) சரியாக மையத்தில் அமையாத டயர், புதிதாகவே இருந்தாலும், உருளும்போது ஒரு பக்கம் தள்ளும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: முன்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினாலோ நின்றாலோ குற்றவாளி டயர்தான். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று பக்கச் சுவரில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்ற முடியாது. உங்களுக்குப் புது டயர் போட்ட பிறகு திடீரென்று இழுப்பு வந்தால், அலைன்மென்ட்டை மறுபடி மறுபடி திருகுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பேலன்சிங் பற்றி மைத்துனர் சொன்னது சரி. அதில் பேச்சே இல்லை, புது டயர் மாட்டினால் செய்தே ஆக வேண்டும். டயரையும் ரிம்மையும் சேர்த்துச் சுழற்றி, எடை குறைவான இடத்தில் சின்ன எடைக் கட்டி ஒட்டுவது அது. செய்யாவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறும். ஆனால் அது கோணங்களைத் தொடுவதே இல்லை. ஒன்று செய்தால் இன்னொன்று வேண்டாம் என்கிற கணக்கு இங்கே செல்லாது.

எப்போது செய்வது என்று கேட்டீர்கள். டயர் மாட்டி, பேலன்சிங் முடித்து, நான்கிலும் காரின் கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்த பிறகுதான் அலைன்மென்ட். மெஷின் ரிம்மைப் பிடித்துத்தான் அளக்கிறது என்றாலும், ஏறுக்குமாறாகத் தேய்ந்த டயர்களும் ஏறுக்குமாறான காற்றும் வண்டியின் உயரத்தைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிவிடும். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும். டிக்கியில் மூட்டை முடிச்சு நிறைய இருந்தால் அதையும் இறக்கிவிட்டுப் போங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, நல்ல மெக்கானிக்குக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரிவது அங்கேதான். வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் எதிலாவது ஆட்டம் இருந்தால், அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண். மெஷின் மேல் நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். வண்டி சாலையில் ஏறி முதல் குழியில் விழுந்ததும் கோணம் வேறு இடத்துக்குப் போய்விடும். 48,000 கி.மீ. ஓடிய வண்டியில் புஷ் கிழிந்திருப்பது ஆச்சரியமில்லை. இந்தச் சோதனையே செய்யாமல் நேராக அலைன்மென்ட் மெஷினின் கேமரா முன் வண்டியை நிறுத்துகிற கடையாக இருந்தால் நான் யோசிப்பேன்.

பின்சக்கரம். உங்களுடையது போன்ற சின்ன கார்களில் பின்னால் பெரும்பாலும் டார்ஷன் பீம் என்கிற ஒரே இரும்புக் கட்டுதான் இருக்கும். அதில் திருகிச் சரிசெய்ய எதுவும் இருக்காது. "திருத்தவே முடியாததை எதற்கு அளக்க வேண்டும்?" என்று தோன்றும். காரணம் இருக்கிறது. பின்சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அந்தத் திசையில்தான் வண்டியின் பின்பகுதி போக நினைக்கும். நடைபாதை விளிம்பில் மோதியதில் பின் அச்சு லேசாக வளைந்திருந்தால், முன்சக்கரங்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்துத்தான் நேராக ஓட்ட முடியும். நான்கு சக்கரத்தையும் அளந்து, பின் அச்சு பார்க்கும் திசையை அடிப்படையாக வைத்து முன்பக்கத்தைச் சரிசெய்தால்தான் ஸ்டீயரிங்கும் நேராக நிற்கும். பின்பக்க அளவு அனுமதித்த எல்லைக்கு வெளியே இருந்தால், திருக இடமில்லை என்பதாலேயே ஏதோ வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதுவும் உபயோகமான செய்திதான். பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் பின் டோவைத் திருத்தவும் வழி உண்டு.

வேலை முடிந்ததும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். திருத்துவதற்கு முன் இருந்த அளவு, பிறகு உள்ள அளவு, நிறுவனம் நிர்ணயித்த எல்லை மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'முன்' அளவு இல்லாத தாள் பாதித் தாள். எல்லாம் பச்சையில் இருக்கிறதே என்று மடித்து வைத்துவிடாதீர்கள். தாளின் தலைப்பில் உங்கள் காரின் சரியான மாடலும் ஆண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேறு மாடலின் எல்லையோடு ஒப்பிட்டால் பச்சைக்கு மதிப்பில்லை. சில தாள்களில் அளவு டிகிரியிலும் நிமிடத்திலும் இருக்கும். 60 நிமிடம் சேர்ந்தால்தான் 1 டிகிரி. ஆகவே 15 நிமிடம் என்றால் 0.15 டிகிரி அல்ல, கால் டிகிரி.

கேம்பர் மட்டும் சிவப்பில் நிற்கிறது, "இது இந்த வண்டியில் செட் பண்ண வராது சார்" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பல சின்ன கார்களின் முன்பக்கத்தில் திருத்துவதற்கென்று இருப்பது டோ மட்டும்தான். ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து சரியாக வந்த கோணம் இப்போது ஏன் தப்பியது என்று கேளுங்கள். ஸ்ட்ரட் வளைந்ததா, லோயர் ஆர்ம் வளைந்ததா, புஷ் போய்விட்டதா, இடது வலது எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கேம்பருக்கும் இடையே வித்தியாசம் அதிகமானால் வண்டி இழுக்கவும் செய்யும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். ஸ்டீயரிங் கோணலாக இருந்தால் சிலர் ஸ்டீயரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி நேராக மாட்டிவிடுவார்கள். அனுமதிக்காதீர்கள்; இரண்டு பக்க டை ராட்களையும் திருத்தித்தான் நேராக்க வேண்டும். டை ராடைத் திருகும்போது ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் உறை முறுக்கிக்கொண்டுவிடும், அதை விடுவித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கிழிந்து தூசி உள்ளே போகும். டை ராட் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கினார்களா என்பதையும் பாருங்கள். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி) உள்ள காராக இருந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்யத்தில் வைக்க வேண்டியிருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து லேனைக் கவனிக்கும் கார்களில் கேமராவையும் சரிபார்க்க வேண்டிவரலாம். உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

பழைய டயர்கள் நான்கும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, அண்மையில்தான் அளந்து பார்த்தீர்கள், அதற்குப் பிறகு பெரிய குழியிலோ விளிம்பிலோ மோதவில்லை, சஸ்பென்ஷனில் எதையும் மாற்றவில்லை என்றால் இந்த முறை அளக்காமல் விட்டாலும் குடி மூழ்கிவிடாது. இதில் ஒன்று தவறினாலும் அளந்துவிடுங்கள். வண்டியை ஏற்றுவதற்கு முன்பே கடையில் இப்படிப் பேசிக்கொள்ளுங்கள்: "முதலில் அளவு மட்டும் எடுங்க, அளவு எல்லைக்குள் இருந்தால் அளந்ததுக்கு மட்டும் கூலி, திருத்த வேண்டியிருந்தால் காட்டிட்டுத் திருத்துங்க." இதற்கு ஒத்துக்கொள்கிற கடையில் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

புது டயர் போட்ட பிறகு முதல் சில நூறு கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், மேல்பரப்பின் வழவழப்பு போகும்வரை பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 5,000 கி.மீ. வாக்கில் முன் டயர்களின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றிலும் ஆழத்தை அளந்து, அலைன்மென்ட் தாளின் பின்புறத்திலேயே குறித்து வையுங்கள். அந்தத் தாளை டயர் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். டயர் நிறுவனங்களின் உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைகளுக்குத்தான். கோணல் தேய்மானத்தை அவர்கள் ஏற்பதில்லை. கடைக்காரர் "பொறுப்பில்லை" என்று சொன்னது இதைத்தான். நாளைக்கு டயரில் உண்மையிலேயே ஏதாவது குறை வந்து நீங்கள் போய் நின்றால், "அலைன்மென்ட் பார்க்காததால் வந்தது" என்று அவர்கள் கைகழுவ முடியாதபடி அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.